பென்சில் முனை அளவுக்குத் தண்ணீர்

1

காலை ஆறே முக்காலுக்குச் சமையலறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை.

நம் ஊரில் தண்ணீர் நின்றுபோனால் குழாய் அதைச் சத்தமாகச் சொல்லும். இருமும், சீறும், கடைசியாக நாலு சொட்டுத் துப்பிவிட்டு அடங்கும். இங்கே கைப்பிடியை முழுக்கத் திருப்பியும் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. குளியலறைக்கு ஓடினேன். அங்கேயும் அப்படித்தான். கைபேசியில் பார்த்தால் வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.

நாங்கள் இருப்பது கனடாவின் நடுவில், மலையோ கடலோ கண்ணில் படாத ஒரு சின்ன நகரம். எங்களுக்கு இது நான்காவது குளிர்காலம். இங்குள்ள மருத்துவமனை ஆய்வகத்தில் நான் வேலை பார்க்கிறேன். கணவர் ஜெபராஜ் வடக்கே ஒரு சுரங்க முகாமில் இரண்டு வாரம் இருப்பார். ஒரு வாரம் வீட்டில் இருப்பார். அன்று அவர் கிளம்பிப் போய் நாலாவது நாள். வீட்டில் நானும் ஆறு வயது மகள் ரூபியும்தான். குளிரால் பள்ளிப் பேருந்து ஓடாது என்று முந்தின நாளே செய்தி வந்திருந்ததால் நானும் விடுப்புச் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் தண்ணீர் இல்லாததற்கா இவ்வளவு பயம் என்று நீங்கள் கேட்கலாம். பயம் அதற்கில்லை. குழாய்க்குள் உறையும் தண்ணீர் விரிந்து செம்புக் குழாயையே பிளந்துவிடும். பிளந்தது உடனே தெரியாது. ஐஸ் உருகும்போதுதான் தெரியும். அதற்குள் சுவருக்குள்ளே தண்ணீர் கொட்டத் தொடங்கியிருக்கும். ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இப்படித்தான் ஒரு குளிர்காலத்தில் சமையலறைத் தளமே உட்கார்ந்துவிட்டது. அந்தக் குடும்பம் மூன்று மாதம் வேறு இடத்தில் இருந்தது.

இந்த வீடு எங்களுடையதும் இல்லை. ஹெலனுடையது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், அறுபத்தைந்து வயது. அவரும் இப்போது உயிரோடில்லாத அவர் கணவரும் தங்கள் கையாலேயே பலகை பலகையாகக் கட்டிய வீடு. சாவி கொடுத்த அன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே அவர் ஒரு தாளை ஒட்டிவைத்தார். குளிர்காலத்தில் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை. நாலாவது வரி: மைனஸ் முப்பதுக்குக் கீழே போனால் சமையலறைக் குழாயைப் பென்சில் முனை அளவுக்குத் திறந்துவைக்கவும். ஓடுகிற தண்ணீர் உறையாது.

அந்தத் தாளை நான் வாசிக்காமல் இல்லை. வாசித்தேன், ஜெபராஜுக்கு விளக்கினேன், படம் எடுத்தும் வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். எந்தப் படிவமானாலும் அடியில் உள்ள பொடி எழுத்து வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு அந்தக் குழாயை இறுக்கி மூடியதும் நான்தான்.

2

நான் பிறந்தது திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். மேலே ஒரு வரிசையில் ஆறு அறை, கீழே ஒரு வரிசையில் ஆறு அறை. அம்மா கொழுந்து கிள்ளுவார். அப்பா பைப்புக்காரர். மலைக்கு மேலே ஓடையைத் தடுத்துக் கட்டிய சின்னத் தொட்டியிலிருந்து பன்னிரண்டு வீட்டுக்கும் ஓஸ் என்கிற ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவருவது அவர் வேலை. இலை அடைக்கும், பன்றி மிதிக்கும், காட்டுமாடு ஓஸை இழுத்துப் போடும். ஒவ்வொரு முறையும் அவர்தான் ஏற வேண்டும்.

அப்படிப்பட்டவரின் வீட்டில் குழாய் சொட்டினால் என்ன ஆகும்? நாங்கள் விளையாட்டை விட்டுவிட்டு ஓடிப் போய் மூடுவோம். திருவனந்தபுரத்தில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகும், பக்கத்து அறையில் சொட்டுகிற சத்தம் கேட்டால் எழுந்துபோய் இறுக்கிவிட்டு வருவேன். தோழிகள் என்னைக் கேலி செய்து மலையாளத்தில் ‘பைப் போலீஸ்’ என்று கூப்பிட்டார்கள்.

நாலு குளிர்காலமும் இங்கே அந்தச் சன்னமான ஓட்டத்தைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த முந்தின நாள் மாலை, வேலை முடிந்து ரூபியையும் கூட்டிக்கொண்டு வந்து, கோட்டைக் கழற்றி, தொட்டியைக் கடந்து போனேன். கை நீண்டது. மூடியது. ரூபி அதற்குள் மேசையில் படம் வரைய உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, ஹெலன் செட் லீவ் இட்,” என்றாள்.

“பத்து நிமிஷம்தான். அம்மாவுக்குத் தெரியும்,” என்றேன்.

பிறகு மறந்துபோனேன்.

லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நின்றால் அப்பா முதலில் மலை ஏற மாட்டார். பன்னிரண்டு வாசலிலும் நின்று ஒரே கேள்வி கேட்பார்: “கடைசியா யாரு தொட்டது?” தொட்டவர் சொல்லிவிட்டால் திட்டு கிடையாது, முணுமுணுப்புக் கூடாது. தண்ணீர் வந்த பிறகுதான் வழக்கு. யார் எங்கே தொட்டார்கள் என்று தெரிந்தால் அப்பா அந்த இடத்துக்கு மட்டும் போனால் போதும். தெரியாவிட்டால் முழு மலையையும் தடவ வேண்டும். அதனால் அது எல்லாரும் மதித்த வழக்கம்.

3

முதலில் அப்பாவைத்தான் கூப்பிட்டேன். இங்கே காலை என்றால் அங்கே அந்தி. அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி இருப்பதால் அவர்கள் லயத்தில்தான் இருக்கிறார்கள்.

“என்ன மக்களே, இந்நேரத்துல? அங்க வெளுத்தாச்சா?”

“அப்பா, குழாயில தண்ணி வரல. உள்ள ஐஸா உறைஞ்சுபோச்சு.”

“ஐஸா? பைப்புக்குள்ளயா?” பிறகு, “அதொண்ணும் இருக்காது, காத்து கேறியிருக்கும். வாயை வச்சு ஒரு உறிஞ்சு உறிஞ்சிப் பாரு.”

“காத்து இல்லப்பா. மைனஸ் முப்பத்தெட்டு.”

பின்னாலிருந்து அம்மா, “முப்பத்தெட்டுன்னா காய்ச்சல்லா? பிள்ளைக்கா?” என்று பதறினார்.

“பிள்ளைக்கில்லடி, பைப்புக்கு,” என்றார் அப்பா. என்னிடம், “அப்ப ஒண்ணு செய். பேப்பரைச் சுருட்டிக் கொஞ்சம் தீ காட்டு. இளகிரும்.”

“பலக வீடுப்பா. தீ காட்டக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு.”

“பின்னே எந்தா செய்யும்?” என்றார், வேறு என்னதான் செய்வது என்று மலையாளத்தில். அவருக்குத் தெரியாத தண்ணீரை வாழ்நாளில் முதல்முறை சந்திக்கிறார். குரலில் அது தெரிந்தது. அப்புறம் பழக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “சரி, கடைசியா யாரு தொட்டது?”

“யாரும் தொடலப்பா,” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கனடாவில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிற மகள், சுவரில் ஒட்டியதை வாசிக்கத் தெரிந்த மகள், சொட்டுகிற குழாயை மூடிப் பைப்பை உடைத்தாள் என்று பைப்புக்காரரிடம் எப்படிச் சொல்வது?

4

நகராட்சி எண்ணை அழைத்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஒரு பதிவுக் குரல் அலைக்கழித்தபின் ஒரு பெண் கிடைத்தாள். பதற்றத்தில் நம் ஊர் ஆங்கிலம் வந்துவிட்டது. தண்ணீர் இல்லை, ஆனால் கரண்ட் இருக்கிறது என்றேன். என்ன கரண்ட், ஆற்று நீரோட்டமா என்று கேட்டாள். நீ உரிமையாளரா என்றாள். இல்லை என்றேன். உரிமையாளர் அழைத்தால்தான் பதிவு செய்ய முடியும். தெருவுக்கு அடியில் உறைந்திருந்தால் மட்டும் நகராட்சி வரும், வீட்டுக்குள் உறைந்திருந்தால் உங்கள் பாடு என்றாள். பிளம்பர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. ஒருவர் நாளை மறுநாள் என்றார்.

வேறு வழியில்லாமல் ஹெலனைக் கூப்பிட்டேன். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு அது நம் பேச்சாகத்தான் நினைவில் இருக்கிறது; அப்படியே எழுதுகிறேன்.

“எல்லாக் குழாய்லயும் தண்ணி இல்லையா?”

“எல்லாத்துலயும்.”

“சமையலறைக் குழாய் சன்னமா ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?”

அந்த இடத்தில் நான் ஒரு சொல் சொன்னேன். “ஆமாம்.”

ஹெலன் பெருமூச்சு விட்டார். “ஓடியும் உறைஞ்சிருக்குன்னா விஷயம் பெரிசு. வர்றேன், நீ எதையும் தொடாதே.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். ரூபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

கால் மணி நேரத்தில் ஹெலன் வந்தார். தன் கணவரின் பழைய வேலை உடுப்பு, காது மூடிய தொப்பி, கையில் ஒரு பெரிய டார்ச். போன கோடையில்தான் அவருக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். படி இறங்கும்போது இன்னும் ஒரு கையால் சுவரைப் பிடிப்பார். முதல் வருடம் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். “நான் யாருக்கும் ஆன்ட்டி இல்ல, என் அக்கா தங்கச்சிங்க பிள்ளை பெத்துக்கிற விஷயத்துல சோம்பேறிங்க,” என்றார். அன்றிலிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். ஆனால் மனசுக்குள் அவர் ‘அவர்’தான்.

ரூபிக்கு முன்னால் குனிந்து, சாதாரணமாகத்தான் கேட்டார். “ஸ்வீட்டி, நேத்து இந்தக் குழாய்ல தண்ணி ஓடிச்சா? நீ பாத்தியா?”

ரூபி என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்து, “யெஸ், இட் வாஸ் ரன்னிங்,” என்றாள்.

இந்த இரண்டு வருடமாக என் மகள் என்னைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று பயந்துகொண்டிருந்தவள் நான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். சாப்பாட்டு டப்பாவில் புட்டு வைத்தால் அப்படியே திரும்பி வரும். தாத்தா கூப்பிட்டால் கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். அன்று அவள் என் பக்கம் வந்து நின்றாள். எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

ஹெலன் எனக்கு விளக்கினார். தெருவிலிருந்து வரும் குழாய் வீட்டுக்கு அடியில் நுழைகிறது. அடியில் ஆள் தவழ்ந்து போகிற உயரத்துக்கு மட்டும் இடைவெளி. நுழைகிற இடத்தில் குழாயைச் சுற்றி ஒரு மின்வயர் உண்டு. அது சூடாக வைத்திருக்கும். அங்கிருந்து குழாய் வடக்குச் சுவரோரம் மேலேறி, சமையலறை மூலை அலமாரிக்குள் வந்து, பிறகுதான் மற்ற இடங்களுக்குப் பிரிகிறது. மேலே குழாய் ஓடிக்கொண்டிருந்தும் உறைந்தது என்றால் கீழே அந்த வயர் செத்திருக்கிறது. அது இருப்பது கடைசி மூலையில். போய்ப் பார்க்க வேண்டும்.

“நான் போறேன்,” என்றேன்.

“உனக்கு எது எங்கேன்னு தெரியாது. பிள்ளையைப் பாத்துக்கோ.”

படுக்கையறை அலமாரிக்குள் தரையில் ஒரு சதுரப் பலகை. அதைத் தூக்கினார். மண் வாசனையோடு குளிர் மேலே வந்து முகத்தில் அடித்தது. இறங்கியவுடன் கைக்கெட்டும் இடத்தில் இருந்த பெரிய வால்வை முதலில் அடைத்தார், உடைந்திருந்தால் வெள்ளம் வராமல் இருக்க. பிறகு வயிற்றைத் தரையில் வைத்து இருட்டுக்குள் நகர்ந்தார். டார்ச் வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போனது.

6

அந்த அலமாரி வாசலில் நின்றால் சமையலறை அடுப்பில் உள்ள கடிகாரம் தெரியும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் பத்தாம் வகுப்பு எழுதிய வருடம். கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் மாலை. நல்ல மழை. தலை குளிக்க வேண்டும், சீருடை துவைத்து அடுப்பங்கரையில் காய வைக்க வேண்டும். எங்கள் மேல் லயத்தில் தண்ணீர் நூலாக வந்தது. கொஞ்சம் மேலே ஏறினால் இரண்டு லயத்துக்கும் தண்ணீர் பிரிகிற இடத்தில் ஒரு வால்வு. கீழ் லயத்துப் பக்கத்தை அடைத்துவிட்டு வந்தேன். குளித்தேன், துவைத்தேன். திறக்க மறந்து படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

கீழ் லயத்தில் தண்ணீர் நின்றது. அப்பா வாசல் வாசலாகக் கேட்டார். எங்கள் வாசலில் கேட்கவே இல்லை. படிக்கிற பிள்ளை, அது எதற்குத் தொடப்போகிறது? என் காதில் அந்தக் கேள்வி பதினொரு வாசலிலும் கேட்டது. நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

யாரும் தொடவில்லை என்றதும் அப்பா மழையில் ஓடைவரைக்கும் ஏறினார். தொட்டியில் இறங்கி இலை வாரினார். ஓஸ் முழுக்கத் தடவிக்கொண்டு இறங்கும்போது வழுக்கி விழுந்து தோள் பிசகியது. கடைசியில்தான் வால்வு அடைத்திருப்பதைப் பார்த்தார். மேல் லயத்தில் ராசையன் என்று ஒருவர் இருந்தார். தண்ணீருக்காக ஏற்கெனவே ஒருமுறை சண்டை போட்டவர். “நீதானடே அடச்சது?” என்று அத்தனை பேர் முன்னால் அப்பா கேட்டார். “என் பிள்ளைகளாண, நான் தொடல அண்ணே,” என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார் ராசையன். யாரும் நம்பவில்லை. வழக்கத்தை மீறியவன் என்று அதன்பிறகு அவரோடு ஒருவரும் சரியாகப் பேசவில்லை. அடுத்த ஓணத்துக்கு முன் அறையைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு கல்லாறுக்கு இறங்கிப் போய் ஒரு சாயாக் கடை வைத்தார். நான் அந்தப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினேன். தோட்டத்து மானேஜர் பேனா பரிசளித்தார்.

தரைக்கு அடியில் ஹெலன் குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தட் தட் சத்தம் நின்றுவிட்டது.

“ஹெலன்?”

குனிந்து பார்த்தேன். வெளிச்சம் அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தது.

“ஹெலன்!”

“காது கேக்குது,” என்று எங்கிருந்தோ வந்தது. மூச்சு இரைத்தது. “வயர் சூடாத்தான் இருக்கு. எனக்குப் புரியல. இன்னும் கொஞ்சம் உள்ள போய்ப் பாக்கணும். கால்தான்...” முடிக்கவில்லை.

நான் அந்த ஓட்டைக்குள் தலையை விட்டுக் கத்தினேன். “குழாயை நான் மூடிட்டேன், ஹெலன். தண்ணி ஓடல. உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

கீழே டார்ச் வெளிச்சம் என் பக்கம் திரும்பியது.

“எந்தக் குழாய்?”

“சமையலறை.”

“எப்போ?”

“நேத்து அஞ்சு மணிக்கு.”

“முழுசாவா?”

“முழுசா.”

“அப்ப நான் தப்பான இடத்துல படுத்திருக்கேன்,” என்றார் ஹெலன். குரலில் கோபமில்லை, சோர்வு மட்டும். “ஒரு சிக்கல். முழங்கால் மடங்க மாட்டேங்குது.”

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ரூபியிடம் என் கைபேசி டார்ச்சைக் கொடுத்து ஓட்டையிலேயே இருக்கச் சொன்னேன். தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாள் குளிரில் அப்பளம்போல நொறுங்கியது. மேலே தரைக்கட்டையில் ஆணி. தலையைத் தூக்க முடியாது. மூச்சு இழுத்தால் மூக்குக்குள் முள் குத்தியது. பாதி தூரத்தில் ஒரு எண்ணம் வந்தது: நானும் இங்கே மாட்டிக்கொண்டால் அந்தக் குழந்தை மேலே தனியாக என்ன செய்யும்? தவழ்வதை நிறுத்தி அப்படியே கிடந்தேன்.

பின்னாலிருந்து ரூபியின் குரல் வந்தது. “அம்மா, நான் லைட் புடிச்சிருக்கேன். நீ போ.”

தமிழில்.

போனேன். ஹெலன் பக்கவாட்டில் கிடந்தார். உதடு நீலம். அவர் உடுப்பின் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நகர்ந்தேன். அவர் நல்ல காலால் உந்தினார். ஒரு சாண், ஒரு சாண். “தேயிலை மூட்டை இழுத்திருக்கியா?” என்றார் நடுவில். “என் அம்மா இழுத்திருக்காங்க,” என்றேன். “அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்,” என்றார். வெளிச்சத்தை வந்து தொட்டபோது என் இரண்டு விரலில் உணர்ச்சி இல்லை.

7

ஹெலனைப் போர்வை சுற்றி நாற்காலியில் உட்காரவைத்தேன். அங்கிருந்தே அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

மூலை அலமாரியைத் திற. திறந்தேன். உள்ளே நான் அடைத்து வைத்திருந்த சிவப்பு மட்டை அரிசி மூட்டைகள், தேங்காய் எண்ணெய்த் தகரம், புளி. ஹெலன் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டின் வெப்பம் அந்தக் குழாய்க்குப் போகாமல் மூட்டையால் சுவர் கட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும் வெளியே இழுத்தேன். பின்சுவரில் செம்புக் குழாய் வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டால் விரல் ஒட்டியது.

“குழாய் வாயைத் திறந்து வை. சூடு குழாய் வாய்ப் பக்கத்துலேருந்து தொடங்கி உறைஞ்ச இடத்துக்குப் போகணும். நடுவுல தொடங்கினா உருகின தண்ணிக்கு வழி இருக்காது, வெடிச்சிடும். சுடுதுணி போட்டா நல்லது. ஆனா தண்ணிக்கு எங்கே போறது?”

குளியலறையில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. எப்போதும் இருக்கும். தண்ணீர் எந்த நேரமும் நிற்கலாம் என்று வளர்ந்தவள் வீட்டில் வாளி காலியாக இருக்காது. முன்பு ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, “இங்கே ஏரியே இருக்கு, நீ ஏன் வாளியில வச்சிருக்கே?” என்று சிரித்தவர் ஹெலன். இப்போது சிரிக்கவில்லை. “கொண்டு வா,” என்றார்.

அடுப்பில் வைத்துச் சுடவைத்துத் துண்டை முக்கிப் பிழிந்து குழாயைச் சுற்றினேன். ஆறியதும் அடுத்த துண்டு. சுளுக்குக்கு ஒத்தடம் கொடுப்பதுபோலத்தான். அப்பாவின் தோளுக்கு அம்மா கொடுத்ததுபோல. அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டுத் துண்டைப் பிழிந்தேன். ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். ரூபி ஈரத் துண்டுகளை அடுப்புக்கும் எனக்கும் நடுவில் சுமந்தாள்.

குழாய்க்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

“உருகுதா, உடையுதா?” என்றேன்.

“ரெண்டுக்கும் ஒரே சத்தம்தான்,” என்றார் ஹெலன்.

கீழே இறங்கி வால்வைக் கால் திருப்பு திறந்தேன். ஹெலன் சுவரில் காதை வைத்தார். நானும் வைத்தேன். ரூபியும் கீழே உட்கார்ந்து காதை வைத்தாள். உள்ளே ஏதோ ஓடுகிறது. குழாய்க்குள் ஓடுகிறதா, சுவருக்குள் ஓடுகிறதா என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. ஜெபமாக வந்ததெல்லாம், கர்த்தாவே, குழாய்க்குள், குழாய்க்குள் என்பதுதான்.

தொட்டிக் குழாய் இருமியது. சீறியது. துருப்பிடித்த நிறத்தில் துப்பியது. பிறகு வந்தது.

சுவர் காய்ந்தே இருந்தது. இன்னும் கால் மணி நேரம் தடவித் தடவிப் பார்த்தோம். ஒரு முனை இணைப்பில் மட்டும் ஈரம் கசிந்தது. ஹெலன் அதை இறுக்கினார்.

8

அவருக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இப்ப நான் கோபப்படலாமா?” என்றார்.

லயத்து வழக்கமேதான். தண்ணீர் வந்த பிறகு வழக்கு. யார் சொன்னது இவருக்கு?

“குழாயை மூடினதுக்குக் கோபமில்ல. என் புருஷனே ரெண்டு தடவை மூடியிருக்கார். நான் கீழே கிடந்தப்ப நீ எவ்வளவு நேரம் யோசிச்சே?”

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குத் தெரியும். “பதினொரு நிமிஷம்.”

தலையாட்டினார். ரூபி அடுத்த அறையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அந்தப் பிள்ளை இனிமே எல்லா இடத்துலயும் அப்படிச் சொல்லும். அதை இன்னைக்கே சரி பண்ணு. அது இந்தப் பைப்பை விடச் சீக்கிரம் உறையும்,” என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தன் கையாலேயே குழாயைச் சன்னமாகத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

மாலையில் ரூபியை உட்காரவைத்து, அம்மா ஹெலனிடம் பொய் சொன்னேன், அது தப்பு என்றேன்.

“மீ டூ,” என்றாள்.

“நீ எனக்காகச் சொன்னே.”

“நீ யாருக்காகச் சொன்னே?” என்று கேட்டாள்.

9

மறுநாள் காலை அப்பாவைக் கூப்பிட்டேன். தண்ணீர் வந்த கதையைச் சொன்னேன். ஒத்தடம் கொடுத்தேன் என்றதும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். “பைப்புக்கு ஒத்தடமாக்கும், கேட்டியா!”

“அப்பா, குழாயை மூடினது நான்தான். நேத்து உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

“அது சாரமில்ல மக்களே, போகட்டும். தண்ணி வந்தாச்சே.”

“இன்னொண்ணு இருக்கு.”

சொன்னேன். பரீட்சைக்கு முந்தின நாள், மழை, வால்வு, ராசையன். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். லயத்து வாசலில் கோழி கத்துவது கேட்டது, லைன் இருந்தது.

“பதினாறு வருஷம்,” என்றார்.

“ஆமாம்ப்பா.”

“அவன் பிள்ளைகளாணன்னு சொன்னான்.”

நான் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“உன்னை நான் கேக்கவே இல்லியே,” என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு, “நாளைக்கு மொத பஸ்சுக்குக் கல்லாறு இறங்கணும்,” என்றார். போனை அம்மாவிடம் கொடுக்காமலே வைத்துவிட்டார்.

அது இன்று காலை. இப்போது இங்கே மாலை ஏழு மணி, மைனஸ் முப்பத்தொன்று. அங்கே விடிந்திருக்கும். வளைவு வளைவாக இறங்கும் அந்த முதல் பேருந்தில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், பிசகிய தோளைக் கம்பியில் படாமல் வைத்துக்கொண்டு. சாயாக் கடை திறக்கும் நேரம். ராசையன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அவர் அப்பாவின் கைபேசியை வாங்கி என்னிடம் பேசினால் நான் என்ன சொல்வேன் என்றும் தெரியாது.

கைபேசியை மேசையில் வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ரூபி தூங்கும் முன் ஒருமுறை வந்து குழாயைப் பார்த்துவிட்டுப் போனாள். தண்ணீர் பென்சில் முனை அளவுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் கேட்கிறது. கை போகிறது. நான் மூடவில்லை.